ஸ்டாஃப் எல்லாம் உக்காந்து பேசினா புள்ளைங்களுக்குக் கணக்கு வந்துடுமா?

19 ஜூன் 2024 (கேள்வி)

எங்க ஸ்கூல்ல இந்த வருஷத்துலேர்ந்து வாரம் ஒரு நாள் பாட ஆசிரியர் கூட்டம் கட்டாயம்னு சொல்லிட்டாங்க. முதல் கூட்டம் முடிஞ்சுது. போன வருஷ ரிசல்ட்டைப் படிச்சாங்க, தலையைக் குனிஞ்சுக்கிட்டு கேட்டோம், மினிட்ஸ் நோட்டுல கையெழுத்து, டீ, வடை, கிளம்பிட்டோம். நேராவே கேக்கறேன், இப்படிக் கூடிப் பேசி எந்தப் புள்ளையாவது ஒரு கணக்கு கூடுதலா போட்டிருக்கா? மேத்ஸ் எடுக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

20 ஜூன் 2024

நான் மேத்ஸ்தான். விழுப்புரம் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளி. நீங்க சொல்ற மாதிரி கூட்டத்துல ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் வராது, வடை வேணா வரும். அந்த மாதிரி கூட்டத்துல நான் பதினஞ்சு வருஷம் உக்காந்திருக்கேன். "உங்க சப்ஜெக்ட்ல ஏன் எட்டு பேர் பெயில்"னு எச்.எம். கேப்பாங்க, நாம "அந்த எட்டு பேரும் லாங் ஆப்சென்ட் சார்"னு சொல்லுவோம், அவங்க "மெல்லக் கற்போர் லிஸ்ட் போட்டு ஸ்பெஷல் கிளாஸ் வைங்க"ம்பாங்க. லிஸ்ட் போடுவோம். லிஸ்ட்ல பேர் வந்த புள்ளைக்கு என்ன புரியலைன்னு அந்த ரூம்ல இருக்கற ஒருத்தருக்கும் தெரியாது.

எங்களுக்கு வேற மாதிரி ஆனது ஒரு தற்செயல்தான். ரெண்டு வருஷம் முன்னாடி ஆறாம் வகுப்புக்கு ஆரம்பத்துல ஒரு அடிப்படைத் தேர்வு வச்சேன், அஞ்சாவது வரைக்குமான பாடம். "மூன்றில் இரண்டு பங்கு என்பதைப் பின்னமாக எழுதுக"ன்னு ஒரு கேள்வி. பாதி கிளாஸ் 3/2ன்னு எழுதி வச்சிருந்துது. நான் ஸ்டாஃப் ரூம்ல பேப்பரைத் தூக்கிப் போட்டு "இதுங்களுக்கு எது மேல எது கீழன்னு கூட தெரியல"ன்னு கத்திக்கிட்டிருக்கேன், பக்கத்துல கட்டுரை நோட்டு திருத்திக்கிட்டிருந்த தமிழய்யா எட்டிப் பாத்துட்டு, "டீச்சர், நீங்க மூணைத்தானே முதல்ல சொல்லிருக்கீங்க, அவன் காதுல விழுந்த வரிசையில எழுதிருக்கான், இதுல என்ன தப்பு"ன்னாரு.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. கிளாஸ்ல நான் வாயால சொல்றது "ரெண்டு பை மூணு". கேள்வித்தாள்ல அச்சடிக்கறது "மூன்றில் இரண்டு". ரெண்டும் ஒண்ணுன்னு எந்த நாளும் சொன்னதே இல்ல.

அதுக்குள்ள சோசியல் டீச்சர், "நான் கூட எட்டாம் வகுப்புல மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மைன்னு நடத்தறேன், ஒருத்தன் மூணு பேர் ஓட்டுப் போட்டா ரெண்டு பேர் ஜெயிப்பாங்களான்னு கேட்டான், நான் உக்காருடான்னுட்டேன்"னாங்க. அப்படியே பேச்சு ஓடுச்சு. பெல் அடிச்சதே யாருக்கும் கேக்கல. அன்னிக்கி மினிட்ஸ் எழுதல.

20 ஜூன் 2024, ராத்திரி

திருத்தம். ரெண்டு வருஷம் இல்ல, போன வருஷம் ஜூலை. நோட்டை எடுத்துப் பாத்தேன். அந்தப் பசங்க இப்ப ஏழாவது.

27 ஜூன் 2024

"டைம் எங்க இருக்கு"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருக்கீங்க. நியாயம். எட்டு பீரியட்ல ஏழு கிளாஸ், மிச்சம் இருக்கற ஒரு ஃப்ரீ பீரியட்லயும் யாராவது லீவு போட்டா சப்ஸ்டிட்யூஷன், அது போக எமிஸ்ல (புள்ளைங்க விவரம் ஏத்தற அரசு வெப்சைட்) ஏத்தற வேலை, ஸ்காலர்ஷிப் ஃபாரம், பேங்க் அக்கவுண்ட் ஆதார் லிங்க். நாங்க புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு பிரேக்ல கடைசி இருவது நிமிஷம் எடுத்துக்கிட்டோம். யாரும் உத்தரவு போடல. டீ முறை வச்சுக்கறோம், இந்த வாரம் ஒருத்தர், அடுத்த வாரம் இன்னொருத்தர்.

அந்த இருவது நிமிஷத்துல என்ன பண்றோம்னா, ஒருத்தர் அஞ்சு நோட்டு கொண்டுவரணும். நல்லாப் படிக்கற புள்ளையோடது வேணாம், ஒண்ணுமே எழுதாத நோட்டும் வேணாம், தப்பா ஆனா நம்பிக்கையா எழுதியிருக்கற நோட்டு. அஞ்சுலயும் ஒரே கணக்கு. முதல் பத்து நிமிஷம் "இந்தப் புள்ளை ஏன் இப்படி எழுதுச்சு"ன்னு மட்டும் பேசணும், "நான் ஒழுங்காத்தான் நடத்துனேன்"னு யாரும் சொல்லக்கூடாது. இது சொல்றப்ப ஈஸியா இருக்கு, நான் முதல் மாசத்துல நாலு தடவை சொல்லிருக்கேன், ஒவ்வொரு தடவையும் அபராதம் அஞ்சு ரூபாய் டீக்கடை கணக்குல.

மிச்ச பத்து நிமிஷத்துல அடுத்த வாரத்துக்குள்ள எல்லாரும் செய்யக்கூடிய ஒரே ஒரு விஷயம். மூணு விஷயம் முடிவு பண்ணினோம்னா ஒண்ணும் நடக்காது.

கண்டுபிடிச்ச தப்பையெல்லாம் ஒரு நாப்பது பக்க நோட்டுல ஒட்டி வைக்கிறோம். பேரு தப்பு நோட்டு. புள்ளை பேர் இருக்காது, டீச்சர் பேரும் இருக்காது. பக்கத்துல எங்க ஊகம்.

ஒரு பக்கம் மட்டும் சொல்றேன். நான் "தொகுதி, பகுதி"ம்பேன், புத்தகத்துல உள்ளது. இன்னொரு செக்‌ஷன் சார் "மேல் எண், கீழ் எண்"ம்பாரு. சயின்ஸ் டீச்சர் "டினாமினேட்டர்". மூணு பேரும் ஒரே புள்ளைக்குப் பாடம் எடுக்கறோம். தொகுதின்னா என்னன்னு ஒரு பையன்கிட்ட கேட்டதுக்கு "எம்எல்ஏ"ன்னான். சிரிச்சோம், ஆனா அவன் சொன்னது தப்பு இல்லையே. ஒம்பதாவதுல ஒரு பொண்ணு பகுதியை எப்பவும் மேல எழுதுது, ஏன்னு பாத்தா தமிழய்யா பகுபத உறுப்பிலக்கணம் நடத்திக்கிட்டிருக்காரு, வந்தான்னா வா பகுதி, ஆன் விகுதி, அங்க பகுதிதான் முதல்ல வரும். கணக்குல பகுதி கீழ. அய்யாவே தலையில கை வச்சுக்கிட்டாரு, "என்னாலயா"ன்னு.

28 ஜூன் 2024

மேல உள்ளதுல அந்த ஒம்பதாவது பொண்ணு விஷயம் ஒரே ஒரு பொண்ணுதான். எல்லாருக்கும் அப்படின்னு எடுத்துக்காதீங்க. கதை நல்லா இருக்குன்னு நான் ஒரு வருஷமா எல்லாரிடமும் சொல்லிக்கிட்டிருக்கேன், சொல்லச் சொல்ல எனக்கே உண்மைன்னு ஆயிடுச்சு.

4 ஜூலை 2024

ஜப்பான்ல இது பழைய விஷயம்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. ஆமா. ஜுக்யோ கென்க்யூம்பாங்க, பாடத்தை ஆராயறதுன்னு அர்த்தம். ஒரே ஒரு பாடத்தை நாலஞ்சு ஆசிரியர் சேர்ந்து வாரக்கணக்கா தயார் பண்ணி, ஒருத்தர் நடத்த, மத்தவங்க கிளாஸ்ல நின்னு பாக்கறது. பாக்கறது டீச்சரை இல்ல, புள்ளைங்களை. யார் எங்க முழிக்கறாங்க, யார் பக்கத்து நோட்டைப் பாக்கறாங்கன்னு குறிச்சுக்கிட்டு, முடிஞ்சதும் உக்காந்து பேசி மாத்திட்டு, சில இடத்துல வேற ஒருத்தர் வேற கிளாஸ்ல அதே பாடத்தை மறுபடி நடத்துவாங்க. மெய்ஜி காலத்துலேர்ந்து, அதாவது நூறு வருஷத்துக்கும் மேலா வர்ற பழக்கம். வெளி உலகத்துக்குத் தெரிய வந்தது 1990கள்ல, டிம்ஸ்னு பல நாட்டுப் புள்ளைங்களோட கணக்கு, சயின்ஸ் திறனை ஒப்பிடற ஆய்வோட ஒரு பகுதியா ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா மூணு நாட்டுலயும் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் 231 வீடியோ எடுத்து ஒப்பிட்டாங்க, அப்பதான் அமெரிக்காக்காரங்க ஆளாளுக்கு இதைப் பேச ஆரம்பிச்சாங்க.

எனக்கு அதுல புடிச்சது போர்டு. பான்ஷோன்னு சொல்லுவாங்க, ஒரு பீரியட் முழுக்க போர்டை அழிக்கறதில்ல, ஆரம்பக் கேள்வி இடது பக்கம், புள்ளைங்க போட்ட வழிகள் நடுவுல, முடிவு வலது பக்கம். கடைசி பெஞ்சு புள்ளை பத்து நிமிஷம் கனவு கண்டுட்டு திரும்புனாலும் எங்க விட்டோம்னு போர்டுலயே இருக்கும். நானும் அந்த இன்னொரு செக்‌ஷன் மேத்ஸ் சார்கிட்ட சொல்லி ரெண்டு பேரும் பிளான் போட்டுட்டுப் போனோம். எங்க போர்டுல நடுவுல விரிசல், வலது ஓரம் வெயில் பட்டுப் பளபளன்னு எழுத்தே தெரியாது, மிச்ச இடத்துல மூணு வழி எழுதினா நிரம்பிடுது. சார் சொன்னாரு, "டீச்சர் ஜப்பான்காரனுக்கு முதல்ல பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருப்பாங்க". கடைசில ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு கரும்பலகை பெயிண்ட் வாங்கி விளையாட்டு சொல்லித்தர்ற பி.டி. சாரும் பத்தாவது பசங்களும் ஒரு சனிக்கிழமை அடிச்சாங்க. இந்த ஒரு வருஷத்துல நாங்க சேர்ந்து செஞ்சதுலயே கண்ணுக்குத் தெரியற முன்னேற்றம் அதுதான்.

இன்னொண்ணு. ஜப்பான் மொழியிலயும் பின்னத்தைக் கீழ் எண்ணைத்தான் முதல்ல சொல்லுவாங்க, நம்ம மூன்றில் இரண்டு மாதிரியே. அதனால அங்க புள்ளைங்களுக்கு எழுதச் சொல்லிக் குடுக்கறப்பவே முதல்ல கோடு, அப்புறம் கீழ, அப்புறம் மேல. வாய் போற வழியிலயே கை போகுது. நாங்களும் அதையே எடுத்துக்கிட்டோம். கோடு போடு, "மூணு பங்கு" கீழ, "அதுல ரெண்டு" மேல. எல்லா சப்ஜெக்ட் டீச்சரும் இப்படியே சொல்றதுன்னு முடிவு. மூணு வாரத்துல 3/2 கிட்டத்தட்ட காணாமப் போச்சு.

11 ஜூலை 2024

மேல எழுதினதை நம்பிடாதீங்க, பாதிதான் உண்மை.

எங்க ஸ்கூல்ல ஏ செக்‌ஷன் தமிழ் மீடியம், பி இங்கிலீஷ் மீடியம். பி புள்ளைங்க "டூ பை த்ரீ"ன்னே கேட்டு வளந்ததுங்க, அதுங்களுக்குத் தலைகீழ் பிரச்சனையே இல்ல. அப்ப பின்னம் நல்லா வரணுமே. நேத்து பி செக்‌ஷன் சார் அஞ்சு நோட்டு கொண்டாந்தாரு, அஞ்சுலயும் 3/4 + 1/4 = 4/8. மேலயும் மேலயும் கூட்டு, கீழயும் கீழயும் கூட்டு. ஏ செக்‌ஷன்லயும் அதே 4/8தான், நான்தான் இத்தனை நாளா தலைகீழ் தப்பையே பாத்துக்கிட்டு இதைப் பெருசா எடுத்துக்கல. ஆக மொழி ஒரு குழப்பம், அதைச் சரி பண்ணிட்டோம், ஆனா பின்னம்னா என்னன்னு ரெண்டு செக்‌ஷனுக்கும் தெரியல.

அதுல ஒரு பையன், அப்பா மளிகைக் கடை. அவனைக் கூப்பிட்டு "முக்கா கிலோவும் கா கிலோவும் எவ்வளவுடா"ன்னேன். "ஒரு கிலோ, இது கூடவா டீச்சர்"ங்கறான். நோட்டைக் காட்டி "அப்ப இது என்னடா"ன்னா "அது கணக்கு டீச்சர்"ங்கறான்.

12 ஜூலை 2024

"அது கணக்கு டீச்சர்" மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. தூங்கல.

எங்க பாட்டி கணக்குல எழுத்து கிடையாது, ஆனா அரைக்கால், வீசம், மாகாணி எல்லாம் வாயிலயே இருக்கும். அரைக்கால்னா எட்டுல ஒண்ணு, மாகாணியும் வீசமும் பதினாறுல ஒண்ணு, காணி எம்பதுல ஒண்ணு, முந்திரி முன்னூத்தி இருபதுல ஒண்ணு. வீசம் வரைக்கும் பாதி பாதியா மடிச்சுக்கிட்டே போற கணக்கு. அதையெல்லாம் திரும்பக் கொண்டு வரணும்னு சொல்ல வரல (தமிழய்யா சொல்லுவாரு, அவரை விட்டா முந்திரி வரைக்கும் வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பாரு). கால், அரை, முக்கால் மட்டும் இன்னும் புள்ளைங்க வாயில உயிரோட இருக்கு, அதை நாங்க போர்டுல ஒரு நாளும் எழுதல. இந்தப் புதன் முடிவு: 3/4ன்னு எழுதற இடத்துலயெல்லாம் ஒரு வாரம் பக்கத்துல "முக்கால்"னும் எழுதறது.

13 ஜூலை 2024

அமெரிக்கால டீச்சருங்க இப்படிக் கூடிப் பேசறதுக்கு ஒரு பெரிய பேரே இருக்கு, தொழில்முறைக் கற்றல் சமூகம்னு ஒரு பயிற்சியில சொன்னாங்க. இல்லினாய்ஸ்ல அட்லாய் ஸ்டீவன்சன் ஹைஸ்கூல் பிரின்சிபாலா 1983ல சேர்ந்த ரிச்சர்ட் டுஃபோர் பிரபலமாக்குனது. நாலு கேள்வி. புள்ளை என்ன கத்துக்கணும், கத்துக்கிச்சான்னு எப்படித் தெரியும், கத்துக்கலைன்னா என்ன பண்ணுவோம், ஏற்கெனவே தெரிஞ்ச புள்ளைக்கு என்ன பண்ணுவோம். நாலாவது கேள்வியைப் படிச்சதும் சார் சொன்னாரு, "தெரிஞ்ச புள்ளையைப் போர்டுல எழுத விட்டுட்டு நாம எமிஸ் ஏத்துவோம்".

25 ஜூலை 2024

ஏழாவது படிக்கிற புள்ளைக்குப் பின்னம் எப்படித் தெரியாமப் போச்சுன்னு கேட்டவருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. இதுங்க 2020 மார்ச்ல ஸ்கூல் மூடுறப்ப ரெண்டாவது. மூணாவது முழுசா போச்சு. ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் திரும்ப திறந்தது 2021 நவம்பர் 1, அப்ப நாலாவதுல பாதி போயாச்சு. அரை, கால்னு காகிதம் மடிச்சுப் பாக்கற வயசு அது. நேரா வந்து அஞ்சாவதுல உக்காந்துச்சு. எழுத்தும் கணக்கும் அடிப்படையிலேர்ந்து சொல்லித்தர்ற "எண்ணும் எழுத்தும்" அரசுத் திட்டம் 2022 ஜூன்ல வந்துச்சு, ஆனா ஒண்ணுலேர்ந்து மூணுக்குத்தான், அடுத்த வருஷம் நாலு அஞ்சுக்கு வந்தப்ப இதுங்க எங்ககிட்ட ஆறாவதுக்கு வந்துடுச்சுங்க. ரெண்டு பஸ்ஸுமே மிஸ்ஸு.

பக்கத்துத் தொடக்கப் பள்ளி டீச்சர் ஒருத்தங்களை ஒரு புதன் டீக்குக் கூப்பிட்டோம். எங்க அஞ்சு நோட்டையும் பாத்துட்டு ஒரே நிமிஷத்துல, "இவங்க அரும்பு டீச்சர், நீங்க மலருக்கு நடத்துறீங்க"ன்னாங்க. அங்க புள்ளைங்க எவ்வளவு கத்துக்கிட்டாங்கன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சுத்தான் நடத்துவாங்க. காகிதத்தை எப்படி மடிக்க விடணும், எப்ப மடிக்காம மனசுல பண்ணச் சொல்லணும்னு அவங்க காட்டினதை பி.எட். படிச்ச நாங்க ரெண்டு பேரும் நோட்ஸ் எடுத்தோம்.

நானே 2007ல இடைநிலை ஆசிரியரா, அதாவது தொடக்க வகுப்பு டீச்சரா சேர்ந்தவ. அப்பதான் செயல்வழிக் கற்றல் (புள்ளைங்க கார்டு எடுத்து தானா செஞ்சு கத்துக்கற முறை) எல்லா மாவட்டத்துக்கும் வந்த நேரம். பாய், ஏணிப்படி, கார்டு, கீழ்மட்டக் கரும்பலகை, கம்பிப் பந்தல்ல தொங்கற படம். அது 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளி பதிமூணுல ஆரம்பிச்சது, அந்த டீச்சருங்க ஆந்திராவுல உள்ள ரிஷி வேலிப் பள்ளிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து உக்காந்து கார்டு எழுதுனாங்க. எங்ககிட்ட வந்தப்ப கார்டு அச்சாகி வந்துது. நான் அப்ப சரியா ஒரு வருஷம் திட்டிக்கிட்டே பண்ணினேன். இப்ப யோசிக்கிறப்ப தோணுது, எழுதுனவங்களுக்கு ஏன் இந்தக் கார்டுக்கு அடுத்து அந்தக் கார்டுன்னு தெரிஞ்சிருக்கும், எனக்கு நம்பர்தான் தெரியும்.

22 ஆகஸ்ட் 2024

ஒரு மாசம் எழுதல. கோவமா இருந்தேன், உங்க மேல இல்ல.

சரி ஜப்பான் மாதிரி நாமளும் ஒருத்தர் கிளாஸ்ல ஒருத்தர் உக்காருவோம்னு நான்தான் சொன்னேன். நம்ம ஊர்ல கிளாஸுக்குப் பின்னாடி ஒரு ஆள் வந்து உக்காந்தா அது இன்ஸ்பெக்‌ஷன், புள்ளைங்க முதுகு தானா நேரா ஆயிடும். எச்.எம். கூட "ஒரு கிளாஸ்ல ரெண்டு பேர் எதுக்கு, இன்னொரு கிளாஸ் சும்மா இருக்குல்ல"ன்னாங்க. பேசி சமாளிச்சு, சார் என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்தாரு. நான் நல்லாத்தான் நடத்துனேன், காகிதம் மடிச்சு, முக்கால் எழுதி, புள்ளைங்களும் கலகலன்னு பதில் சொல்லுச்சு.

முடிஞ்சதும் சார் ஒரு துண்டுச் சீட்டு குடுத்தாரு. கிளாஸ் உக்காந்திருக்கற மாதிரியே கட்டம் போட்டு, நான் யாரைக் கேள்வி கேட்டேனோ அந்தக் கட்டத்துல ஒரு கோடு. மொத்தம் ஏழு கட்டத்துலதான் கோடு. ஏழும் முன்னாடி ரெண்டு வரிசை. மளிகைக் கடைப் பையன் கட்டம் காலி, அவனைப் பத்தி ஸ்டாஃப் ரூம்ல அவ்வளவு பேசியிருக்கேன்.

அவரு ஒரு வார்த்தை கூட சொல்லல, அதுதான் எனக்கு எரிச்சல். ரெண்டு நாள் அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசல. புதன்கிழமை டீ என் முறை, அவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாம வாங்கிட்டுப் போனேன் (அவருக்கு சுகர் கிடையாது). குடிச்சுட்டு "நாளைக்கு என் கிளாஸுக்கு வாங்க டீச்சர்"னாரு. போனேன். அவரு ஒம்பது கட்டம்.

10 அக்டோபர் 2024

காலாண்டுல ஏழாவது பின்னக் கணக்கு நல்லா போட்டிருக்குன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம், எச்.எம். மேல அனுப்பற ரிப்போர்ட்ல கூட ஒரு வரி எழுதிட்டாங்க. லீவுல பேப்பரைத் திரும்பப் பாத்தேன். நாங்க ஸ்லிப் டெஸ்ட்ல குடுத்த அதே கணக்கு, நம்பர் மட்டும் மாத்தினது. கேள்வித்தாள் தயார் பண்ணினதும் நாங்கதானே. ஸ்கூல் திறந்ததும் வேற மாதிரி ஒண்ணு குடுத்தேன், "1/2 + 1/3 ஒண்ணை விடப் பெருசா சின்னதா, கூட்டாம சொல்லு". நல்லா போட்ட புள்ளைங்கள்லயே நிறைய பேர் பேனாவை எடுத்து குறுக்கால பெருக்க ஆரம்பிச்சுடுச்சு. கூட்டாம சொல்லுன்னா அதுங்களுக்கு ஏதோ பனிஷ்மென்ட் மாதிரி.

மளிகைக் கடைப் பையன் மட்டும், "ரெண்டும் அரைக்கு மேல போகல டீச்சர், அப்புறம் எப்படி ஒண்ணு தாண்டும்"னான்.

ரிப்போர்ட்ல எழுதின வரியை எடுக்கச் சொல்லலாமான்னு சார்கிட்ட கேட்டேன். "விடுங்க டீச்சர், அதை யாரு படிக்கப் போறா".

20 நவம்பர் 2024

முதல் கேள்வி கேட்டவர் நேத்து திரும்ப எழுதியிருக்காரு. அவங்க ஸ்கூல்ல அஞ்சு நோட்டு முயற்சி பண்ணினாராம், ரெண்டு வாரம் நாலு பேர் வந்தாங்க, மூணாவது வாரம் அவரும் பி.டி. சாரும் மட்டும். பி.டி. சார் நோட்டைப் பாக்காம, "இந்தப் புள்ளை கிரவுண்ட்ல முக்கா ரவுண்டு ஓடிட்டு நின்னுடும், கரெக்டா எங்கன்னு அதுக்குத் தெரியும்"னாராம். சார், உங்க கூட்டம் எங்களோடதை விட நல்லா போகுது.

எங்களோடதுல பி செக்‌ஷன் சாருக்குக் இடமாறுதல் கலந்தாய்வுல சொந்த ஊர் பக்கம் கிடைச்சு போய்ட்டாரு. பத்து வருஷமா கேட்டுக்கிட்டிருந்தது, சந்தோஷம்தான். அவர் போன அடுத்த புதன் தமிழய்யாவும் நானும் சும்மா டீ குடிச்சோம். உத்தரவு இல்லாம ஆரம்பிச்சதுல உள்ள வசதி உத்தரவு இல்லாமயே நின்னும் போகும்ங்கறது. ஜூன்ல "யாரும் உத்தரவு போடல"ன்னு பெருமையா எழுதினவ நான்தான், இப்ப எச்.எம். ஒரு சர்க்குலர் போட்டா தேவலன்னு இருக்கு. போட்டா மினிட்ஸ் நோட்டு வந்துடுமேன்னும் இருக்கு.

18 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல்ல எங்க பக்கம் எல்லாம் தண்ணி. ஸ்கூல் திறந்து போய்ப் பாத்தா ஸ்டாஃப் ரூம்ல முழங்கால் வரைக்கும் நின்ன அடையாளம் சுவத்துல. தப்பு நோட்டு பீரோ அடித்தட்டுல இருந்துச்சு. புதுசா வந்த மேத்ஸ் டீச்சரும் நானும் பக்கம் பக்கமாப் பிரிச்சு ஜன்னல் கம்பியில காயப் போட்டோம். புள்ளைங்க எழுதினதெல்லாம் பால்பாயிண்ட், 4/8 அப்படியே நிக்குது. பக்கத்துல நாங்க எழுதின காரணமெல்லாம் ஜெல் பேனா, நீலமா ஓடிப் போச்சு.

அந்த டீச்சர் ஒரு பக்கத்தைப் பாத்துட்டு, "இது ஏன் இப்படிப் போட்டிருக்கு"ன்னு கேட்டாங்க. நாங்க என்ன எழுதியிருந்தோம்னு எனக்கும் ஞாபகம் வரல. புதன்கிழமை அந்தப் பக்கத்தையே எடுத்துக்கறோம். டீ அவங்க முறை.